இண்டைக்கு இரவு மைனஸ் 3

(குடும்ப வாட்ஸ்அப் குழு, நவம்பர், வியாழன். லண்டன் நேரம். பெயரோட இருக்கிறது ஊர்: ஹரோ லண்டனில, ஸ்காபரோ கனடாவில, நீர்வேலி யாழ்ப்பாணத்தில)

நான், 15:42
மாமா, இண்டைக்கு இரவு மைனஸ் 3 எண்டு போட்டிருக்கு. வாழை இன்னும் பச்சையா நிக்குது. இப்பவே சுத்திக் கட்டவோ? போன வருசம் மாதிரி இதுவும் போச்செண்டால் அம்மா தாங்கமாட்டா.

மாமா ஹரோ, 15:50
போன முறை என்னத்தால கட்டினனி?

நான், 15:51
கறுப்புப் பொலித்தீன். அடியில இருந்து நுனி மட்டும் டேப் போட்டு இறுக்கினனான். மார்ச்சில அவிழ்க்கத் தண்டு கையோட வந்திட்டுது. உள்ளுக்கை களி மாதிரி, ஒரே நாத்தம்.

மாமா ஹரோ, 15:57
அது குளிரில சாகேல்லை மோனை, ஈரத்தில அழுகினது. தண்டெண்டு நாங்கள் சொல்லுறது தடல், அதுதான் இலையின்ர அடிமட்டை, ஒண்டுக்கு மேல ஒண்டு சுத்தின சுருள், முழுக்கத் தண்ணி. பொலித்தீன் போட்டால் அந்த ஈரம் வெளியில போகாது. குளிரை விட, நனையாமல் பாக்கிறதுதான் பெரிய வேலை.

பெரியம்மா நீர்வேலி, 16:02
வாழைக்கும் போர்வையோ பிள்ளையள்? இஞ்ச காத்துக்கு முட்டுக் குடுக்கிறதோட சரி. கதலியோ இதரையோ அது?

மாமா ஹரோ, 16:08
ரண்டும் இல்லை அக்கா. மூசா பாஸ்ஜூ. ஜப்பான் வாழை எண்டு விக்கிறது, பிறந்த இடம் சீனாவில. காய்ச்சாலும் முழுக்க விதை, தின்ன ஏலாது. கிழங்குக்கு மேல சருகை மொத்தமாப் போட்டால் மைனஸ் 10க்கும் தாங்கும். தண்டுக்கு அந்தத் தைரியம் இல்லை, மைனஸ் 5க்குக் கீழ போனால் நிலத்தோட சரிஞ்சிடும். பிறகு மே மாதமளவில குட்டி வரும்.

நான், 16:10
குட்டி வருமெண்டால் தண்டை ஏன் காப்பாத்த வேணும்?

மாமா ஹரோ, 16:15
பொத்திக்கு, வாழைப்பூவுக்கு! குருத்து தண்டுக்குள்ளால மேல ஏறி வந்தால்தான் பொத்தி தள்ளும். வருசா வருசம் அடியில இருந்து தொடங்கினால் அது நடக்காது. என்ர தண்டு 3 மாரி தப்பி, இந்த ஆவணியில தள்ளினது. விடிய எழும்பிப் பாக்க வாயடைச்சுப் போனன். தள்ளின தண்டு இனிச் செத்திடும். பக்கத்தில 3 குட்டி நிக்குது, இந்த முறை அதுகளைத்தான் கட்டப்போறன்.

அக்கா ஸ்காபரோ, 16:21
என்ர செவ்விலை வாழையை ஒக்டோபர் தொடக்கத்திலயே கிண்டி எடுத்திட்டன் மாமா. அது எத்தியோப்பியாப் பக்கத்து இனம், குட்டியும் போடாது, உறைபனியும் தாங்காது. போனால் போனதுதான். குருத்தை மட்டும் விட்டு இலையெல்லாம் வெட்டி, தண்ணி வடியத் தலைகீழா வச்சு, இப்ப பேஸ்மெண்டில குளிரான மூலையில நிக்குது.

மாமா ஹரோ, 16:23
நல்ல வேலை பிள்ளை. மாசி மட்டும் தண்ணி காட்டாதை.

நான், 16:24
அப்ப இண்டைக்கு நான் என்ன செய்ய?

மாமா ஹரோ, 16:29
ஒரு இரவு மைனஸ் 3க்குத் தண்டு சாகாது. இலைதான் கருகும். சனிக்கிழமை கோழிக்கூட்டு வலையும் 4 தடியும் கொண்டு வாறன். தண்டைச் சுத்தி ஒரு சாண் விட்டு வலை அடிச்சு, உள்ளுக்கு வைக்கல் நிரப்புவம். அமத்தக் கூடாது. மேல மட்டும் மழை இறங்காமல் ஒரு மூடி, பக்கமெல்லாம் காத்தோட்டம். ஏப்ரல் கடைசியில அவிழ்க்கலாம். வைக்கல் நீ வாங்கி வை, முயல் தீன் விக்கிற கடையில இருக்கும்.

அம்மா, 16:33
இலை கருகுமெண்டால் இப்பவே வெட்டு தம்பி. ஞாயிற்றுக்கிழமை அப்பான்ர திவசம். போன முறை கடை இலையில படைச்சனான், பிளாஸ்டிக் பையில கிடந்து மணமே இல்லை. நுனியோட ரண்டு வேணும்.

பெரியம்மா நீர்வேலி, 16:35
வெட்டினதும் நடு நரம்பைச் சீவிப்போட்டுச் சுருட்டி, ஈரத்துணி சுத்தி வையுங்கோ. கயர் படாமல் பழைய சேட்டைப் போடு மோனை, கறை போகாது.

நான், 17:20
டோர்ச் அடிச்சு வெட்டியாச்சு. 9 இலை. காத்துக்கு எல்லாம் சீலை மாதிரிக் கிழிஞ்சிருக்கு, மதிலோரம் நிண்ட ரண்டுதான் முழுசு. வெட்டின இடத்தில தண்ணி சொட்டுச் சொட்டா விழுந்துகொண்டே இருக்கு.

அம்மா, 17:26
கழுவித் துடைச்சு பிரிட்ஜில வச்சிட்டன். நீர்வேலி வளவு மணக்குது அக்கா.

மாமா ஹரோ, 17:31
தண்டை நாளைக்குக் காலமை படம் எடுத்துப் போடு.