யூஃபோனியம்: ட்ரெபிள் கிளெஃபிலிருந்து பேஸ் கிளெஃபுக்கு மாறுவது எப்படி?

மூணுவால்வு:
வணக்கம். என்னிடம் இருப்பது மூன்று வால்வு யூஃபோனியம் (சிறிய டியூபா போன்ற பித்தளை ஊதுகருவி). இதுவரை பி ஃப்ளாட் ட்ரெபிள் கிளெஃப் (எந்தக் கோடு எந்த நோட் என்று சொல்லும் குறி) தாள்தான் பழக்கம். புதுக் குழுவில் பேஸ் கிளெஃப் பார்ட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு நோட்டின் மேலும் பென்சிலால் பெயர் எழுதிக்கொள் என்கிறார் ஒருவர். மனசுக்குள் ஒரு டோன் கூட்டி வாசி என்கிறார் இன்னொருவர். எது சரி? இன்னொன்று: நாலாவது கோட்டு எஃப் அடிக்கடி மேலே தாவிவிடுகிறது. வால்வு சரியாகத்தான் பிடிக்கிறேன்.

கீழ்ஸ்தாயி:
இரண்டுமே வேண்டாம். பெயர் எழுதினால் கண் பெயரைத்தான் படிக்கும், கோட்டைப் பார்க்காது. கூட்டல் கணக்கு நிதானமான பாட்டில் ஓடும். வேகம் கூடினால் கவிழ்ந்துவிடும்.

ட்ரெபிள் தாளில் நீங்கள் 'சி' என்று படித்தது உண்மையில் பி ஃப்ளாட், அதாவது ஆறரைக் கட்டை. நம் ஸட்ஜம் மாதிரிதான். பெயர் ஒன்று, சுருதி வாத்தியத்தைப் பொறுத்தது. பேஸ் கிளெஃப் பார்ட்டில் எழுதியிருப்பதே ஒலிக்கும். ஆகவே வால்வு அழுத்தாத நோட்டுக்கு இனி பெயர் சி இல்லை, பி ஃப்ளாட்.

மூன்று இடங்களை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கோடு பி ஃப்ளாட். நாலாம் கோடு எஃப். கிளெஃபின் இரு புள்ளிகளும் அதன் மேலும் கீழும்தான் நிற்கும். ஐந்தாம் கோட்டுக்கு மேல் உள்ள இடைவெளி, மேல் பி ஃப்ளாட். மூன்றுக்கும் வால்வே வேண்டாம். பிறகு இரண்டாம் கோட்டிலிருந்து நாலாம் கோடு வரை ஐந்து நோட்: பி ஃப்ளாட் திறந்து (வால்வு அழுத்தாமல்), சி 1-3 (ஒன்றாம், மூன்றாம் வால்வு), டி 1-2, இ ஃப்ளாட் 1, எஃப் திறந்து. முதல் வாரம் இவ்வளவு போதும். அடுத்து ஜி 1-2, ஏ 2, மேல் பி ஃப்ளாட்.

தாவுவதற்குக் காரணம் கண். ட்ரெபிளில் நாலாம் கோடு உயரமான நோட், அந்தப் பழக்கத்தில் உதடு தானாக இறுகுகிறது. எஃப்பும் அதற்கு மேலே உள்ள பி ஃப்ளாட்டும் இரண்டுமே திறந்த நோட் என்பதால் விரல் உங்களைக் காட்டிக்கொடுக்காது. தாளைப் பார்த்தபடி எஃப்பை வாயால் பாடிவிட்டு ஊதுங்கள். கீழ் பி ஃப்ளாட்டிலிருந்து எஃப்புக்கு நாக்கு போடாமல் ஸ்லர் செய்து, நாலு எண்ணிக்கை நிறுத்துங்கள். தினம் பத்து முறை.

ஸ்லைடுகாரர்:
ஒரு குறுக்கு வழியும் உண்டு: ஒரே விரல், ஒரே ஒலி என்றால் பேஸ் கிளெஃபில் அந்த நோட் ட்ரெபிளில் இருந்ததைவிட இரண்டு கோடு மேலே இருக்கும். ட்ரெபிளில் கோடுகளுக்குக் கீழே லெட்ஜரில் (கூடுதல் குட்டிக் கோட்டில்) தொங்கும் சி, இங்கே இரண்டாம் கோடு. இரண்டாம் கோட்டு ஜி, இங்கே நாலாம் கோடு. சந்தேகம் வந்தால் சரிபார்க்க மட்டும் இது. ஊன்றுகோலாக வைத்துக்கொண்டால் கடைசிவரை கழற்ற முடியாது.

கீ சிக்னேச்சரையும் (வரித் தொடக்கத்தில் இருக்கும் ஃப்ளாட், ஷார்ப் குறிகள்; ஃப்ளாட் நோட்டை அரை டோன் இறக்கும், ஷார்ப் ஏற்றும்) கவனியுங்கள். பழைய சி மேஜர் இங்கே இரண்டு ஃப்ளாட். பி ஃப்ளாட்டை யாரும் மறப்பதில்லை, மறப்பது இ ஃப்ளாட்டைத்தான். 1 பிடிக்க வேண்டிய இடத்தில் 2 விழும்.

மூணுவால்வு:
நன்றி சார். பயிற்சிக்கு எதை வாசிக்கலாம்? பக்கத்தில் இ ஃப்ளாட் பேஸ் (டியூபா) வாசிப்பவருக்கும் இதே பிரச்சினை.

கீழ்ஸ்தாயி:
நாலு குரலில் அச்சான சர்ச் கீதப் புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். கீழ் வரிசை பேஸ் கிளெஃபில்தான் இருக்கும்: தண்டு மேல்நோக்கினால் டெனர், கீழ்நோக்கினால் பேஸ். யூஃபோனியத்துக்கு டெனர் வரி கச்சிதம். மெட்ரோனோம் 60, தினம் பத்து நிமிடம், நாளுக்கு ஒரு புதுப் பாட்டு. பழைய பாட்டையே திருப்பினால் காது மனப்பாடம் செய்துவிடும், கண் சும்மா இருக்கும்.

இ ஃப்ளாட் பேஸ்காரருக்கு அதிர்ஷ்டம். பேஸ் கிளெஃபை ட்ரெபிள் என்று நினைத்துக்கொண்டு, கீ சிக்னேச்சரில் மூன்று ஷார்ப் கூட்டினால் போதும். இரண்டு ஃப்ளாட் இருந்தால் ஒரு ஷார்ப் ஆகும்.

ஸ்லைடுகாரர்:
கூட்டல் சரி, ஆனால் நடுவில் வரும் குறிகளில் அது சறுக்கும். தாளில் பி, இ, ஏ மூன்றில் ஒன்றுக்கு நேச்சுரல் (ஃப்ளாட், ஷார்ப்பை நீக்கும்) குறி வந்தால் அவர் ஷார்ப் வாசிக்க வேண்டும். ஃப்ளாட் குறி வந்தால் நேச்சுரல். உதாரணம்: பி நேச்சுரல் என்று இருந்தால் அவர் பிடிக்க வேண்டியது ஜி ஷார்ப். மற்ற நாலு எழுத்துக்கும் குறி அப்படியே.