பலவீனமான இதயத்துக்கு பைபாஸா, ஸ்டென்டா: அப்பாவுக்காக நாங்கள் எடுத்த முடிவு

மாரடைப்புக்குப் பின் எடுத்த எக்கோ என்ற இதய ஸ்கானில், அப்பாவின் இதயம் இரத்தத்தை வெளித்தள்ளும் திறன் 30 சதவீதம் என்று வந்தது. இரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் அஞ்சியோகிராமில், இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் மூன்று குழாய்களிலும் அடைப்பு இருந்தது. நீரிழிவும் நீண்டகாலமாக உண்டு. உப்புவெளியில் உறவினர் எல்லோரும், "இந்த இதயத்தோடு நெஞ்சைத் திறக்க விடாதேங்கோ, ஸ்டென்ட் வைச்சுக்கொண்டு வாங்கோ" என்றே சொன்னார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் இதயம் பலவீனம் என்பதற்காகவே ஸ்டென்ட்தான் நல்லது என்று ஆகிவிடாது.

கொழும்பில் எங்களைப் பார்த்த வைத்தியர் பொறுமையாக விளக்கினார். ஸ்டென்ட் என்பது குழாய்க்குள் வைக்கும் சிறு வலைக்குழாய்; அது இப்போது இருக்கும் அடைப்பைத் திறக்கிறது. பைபாஸ் சத்திரசிகிச்சை வேறொரு நாளத்தை இணைத்து, அடைபட்ட பகுதியைத் தாண்டி இரத்தத்தைக் கொண்டு சேர்ப்பதால், பிற்பாடு அதே பகுதியில் புதிய அடைப்பு வந்தாலும் இதயத்தசைக்கு ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது.

பிறகு நானும் தேடி வாசித்தேன். இந்தத் திறன் 35 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்த 1,212 பேரிடம் நடந்த ஸ்டிச் ஆய்வில், முதல் மாதத்தில் சத்திரசிகிச்சை பெற்றவர்களிடையேதான் இறப்பு கூடுதல். ஆனால் பத்தாண்டு முடிவில் மருந்துடன் பைபாஸும் பெற்றவர்களில் 58.9 சதவீதமானோரும், மருந்து மட்டும் பெற்றவர்களில் 66.1 சதவீதமானோரும் இறந்திருந்தனர். 2022இல் வெளியான ரிவைவ்ட் ஆய்விலோ, இதேபோல் இதயம் பலவீனமான 700 பேரிடம், மருந்துடன் ஸ்டென்ட் வைத்ததால் இறப்போ இதயச் செயலிழப்புக்காக வைத்தியசாலையில் சேர்வதோ குறையவில்லை. இரண்டுமே மருந்துடன் ஒப்பிட்டவை. பைபாஸையும் ஸ்டென்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தவை அல்ல. ஸ்டிச்சில் இருந்தவர்கள் பெரும்பாலும் அறுபதை ஒட்டியவர்கள், ரிவைவ்டில் எழுபதை ஒட்டியவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அப்பாவுக்கு 61 வயது, சிறுநீரகமும் நுரையீரலும் நன்றாக இருந்தன, நீரிழிவும் பல குழாய் அடைப்பும் உள்ளவர்களுக்கு பைபாஸே மேல் என்று 2012இல் ஃப்ரீடம் ஆய்வும் காட்டியிருந்தது. ஆகவே பைபாஸுக்குச் சம்மதித்தோம். கிண்ணியாவில் எமக்குத் தெரிந்த, சிறுநீரகம் பழுதான எண்பது வயதுப் பெரியவர் ஒருவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். அவருக்கு அதுவே பொருத்தம்.

முதல் வாரங்கள் கடினமாகத்தான் இருந்தன. இருமல் வரும்போதெல்லாம் அப்பா தலையணையை நெஞ்சோடு இறுக்கிப் பிடிப்பார். நெஞ்சைவிட, பைபாஸுக்காக நாளம் எடுத்த காலின் புண்தான் அவரை அதிகம் வருத்தியது. பின்னர் எடுத்த எக்கோவில் திறன் 40 ஆகியிருந்தது. எல்லோருக்கும் இப்படி ஏறும் என்று நான் சொல்லவில்லை. குளிசைகள் ஒன்றுகூட நிற்கவில்லை; உப்பைக் குறைக்கக் கருவாட்டை விட்டுவிட்டார்; காலையில் எடை பார்த்துக் கொப்பியில் எழுதுகிறார், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால், உடம்பில் நீர் சேர்வதாக இருக்கலாம் என்பதால், கிளினிக் திகதிக்குக் காத்திராமல் உடனே வைத்தியரிடம் போகிறோம்.