புதுப்பிப்பு: லாரி ஓட்டக் கற்க எந்தப் பள்ளி? சேர்ந்துவிட்டேன்

நாமக்கல் பக்கம் கனரக வாகனம் கற்க இரண்டு பள்ளிகளில் எதில் சேரலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். ஒன்றில் கட்டணம் குறைவு, "கையெழுத்துப் போட்டால் போதும் தம்பி" என்றார்கள். இன்னொன்றில் கட்டணம் அதிகம், ஆனால் சொந்த லாரி, சொந்த மைதானம். நேரில் போய்ப் பார்க்கச் சொன்ன அண்ணன்களுக்கு நன்றி. முதல் பள்ளியின் லாரியில் ஒரு டயரில் காற்றே இல்லை. நகர்ந்து பல நாள் ஆகியிருக்கும். சரி என்று இரண்டாவதில் சேர்ந்துவிட்டேன்.

மாஸ்டர் உடனே வண்டியை எடுக்க விடவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்குக்கான காற்றழுத்தத்தைக் காட்டும் ஏர் பிரஷர் முள் ஏறும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார். காற்று ஏறாமல் ஹேண்ட் பிரேக் விடாதாம். அப்புறம் ரிவர்ஸ்: இரண்டு டிரம்களுக்கு நடுவே, கண்ணாடியை மட்டும் பார்த்து. கார் ஓட்டிய கை அவசரப்படுகிறது. பின்சக்கரம் எங்கே வருகிறது என்பது பிடிபடவே நேரமாகிறது.

தகுதி பற்றிக் கேட்டவர்களுக்கு: எல்.எம்.வி. (கார் போன்ற இலகுரக வாகன) லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும், 20 வயது நிறைந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புக் கட்டாயம் 2019-இல் நீங்கிவிட்டது. பயிற்சி முடித்ததற்குப் பள்ளி தரும் படிவம் 5 சான்றிதழ் அவசியம். ஆகவே பணம் கட்டுமுன் அவர்களுடைய உரிமம் நடப்பில் இருக்கிறதா, அதில் கனரக வாகனமும் உண்டா என்று பார்த்துவிடுங்கள். டீசல் கட்டணத்தில் சேர்த்தியா என்றும் கேளுங்கள்.

ஆர்.டி.ஓ. தேர்வு இன்னும் பாக்கி. லோடு ஏற்றிய வண்டியில் இங்கே பழக்குவதில்லை, அது ஒரு குறைதான். அதற்குத் தெரிந்த அண்ணன் ஒருவரோடு கிளீனராகப் போவதாகப் பேச்சு.