முயலுக்கான உலர்புல்லை மழைக்காலத்தில் எப்படிச் சேமிப்பது?

கேள்வி (சத்துவாச்சாரி):
வணக்கம். எங்கள் இரண்டு முயல்களுக்காக மொத்தமாக வாங்கிய உலர்புல், பிளாஸ்டிக் பையில் வாய் கட்டியபடி மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து பையின் உட்புறம் நீர்த்துளிகள் அரும்புகின்றன. மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றினால் போதுமா?

பதில் (காட்பாடி):
டப்பா வேண்டாம். புல்லில் எஞ்சியுள்ள ஈரம் வெளியேற வழியில்லாமல் போவதே பூஞ்சைக்குக் காரணம் என்பதால், சணல் சாக்கில் அழுத்தாமல் நிரப்பி, மரப்பலகையின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, காற்றோட்டமுள்ள நிழலான இடத்தில் வையுங்கள். தொடர்ந்து வெயில் பட்டால் பச்சை நிறம் வெளுப்பதோடு கரோட்டின் சத்தும் குறைந்துவிடும்.

பதில் (குடியாத்தம்):
இடம் மாற்றுவதற்கு முன், பையின் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து முறுக்கிப் பாருங்கள். சடசடவென ஒடிந்து, காய்ந்த புல்லுக்குரிய இனிய மணம் வீசினால் நல்லது. துவண்டு, மக்கிய வாடை அடித்து, உதறும்போது வெண்தூள் பறந்தால் முழுவதையும் உரக்குழியில் போட்டுவிடுங்கள்; பூஞ்சை உண்டாக்கிய நச்சு வெயிலில் உலர்த்தினாலும் போகாது. முயலின் உணவில் பெரும்பகுதி புல்தான் என்பதால் இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. எலியின் சிறுநீர் பட்ட புல்லையும் கொடுக்காதீர்கள், எலிக்காய்ச்சல் பரவும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நடுப்பகுதி துவண்டிருப்பதால் அனைத்தையும் அகற்றுகிறோம். புதிதாக எவ்வளவு வாங்கலாம்?

பதில் (காட்பாடி):
மார்கழி வரை, இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.