புதுப்பிப்பு: வத்தல்மலையில் செய்தி தொலைந்த காரணம் கிடைத்துவிட்டது

போன மாதம் எழுதியது இதுதான்: தருமபுரி வத்தல்மலைச் சாலையில் 865–867 மெகாஹெர்ட்ஸில் நான்கு லோரா கருவிகளை (குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் பேசும் ரேடியோ) பைக்குகளில் வைத்து ஓட்டினோம், கொண்டை ஊசி வளைவுகளில் செய்திகள் தொலைந்தன. ஆன்டெனாவைச் சந்தேகித்தேன். அது தவறு.

அனுப்பும் பவரைத் தானே கூட்டிக் குறைக்கும் என் நிரல்தான் காரணம். சிக்னல் நன்றாக இருந்தால் பவரைக் குறைக்கும். அதற்குள் பைக் பாறைக்குப் பின்னால் போயிருக்கும். அளந்த கணக்கு பழையதாகிவிடும். அதைவிட மோசம் இன்னொன்று. ஒரு கருவி குறைந்த பவரில் பேசுவது தள்ளி நிற்கும் மூன்றாவது கருவிக்குக் கேட்காது. அலைவரிசை காலி என்று நினைத்து அதுவும் பேச, நடுவில் இருக்கும் கருவியில் இரண்டும் மோதின. எத்தனை ராத்திரி இதைத் தேடினேன்!

போன பதிவைப் படித்துவிட்டு, ஸ்பிரெடிங் ஃபேக்டரையும் (செய்தியை எவ்வளவு நீட்டி அனுப்புவது என்று சொல்லும் எண்) மாற்றச் சொன்னீர்கள். ஒரு படி கூட்டினால் சுமார் 2.5 டெசிபல் லாபம், அதாவது அந்த அளவு பலவீனமான சிக்னலும் கேட்கும். ஆனால் அனுப்பும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பு. இரு முனையும் ஒரே எண்ணில் இருந்தாக வேண்டும். ஓடும் வண்டிகளுக்கு அது சரிவராது, எல்லாவற்றுக்கும் 10 என்று நிறுத்திவிட்டேன்.

இப்போது ஒரு பதில் வராவிட்டாலே முழு பவர். குறைப்பது மட்டும் மெதுவாக. எந்தக் கருவி வழியாகப் போவது என்று வழி தேடும் செய்திகள் எப்போதும் முழு பவரில். நேற்று உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒன்றுகூடத் தொலையவில்லை. அடுத்து, மழை நாளில் ஓட்டிப் பார்க்கிறேன்.