தையல் கடை செயலி: "நல்லா இருக்கு" என்கிறார்கள், காசு கட்ட ஆளில்லை

கேள்வி (ஜார்ஜ்டவுன், பினாங்கு, மலேசியா):
வணக்கம். லிட்டில் இந்தியாவில் லெபோ பாசார் பக்கம் உள்ள தையல் கடைகளுக்கு அளவும் ஆர்டரும் குறித்து வைக்க ஒரு செயலி செய்யும் எண்ணம். மாதம் 49 வெள்ளி (ரிங்கிட்). கேட்ட இடமெல்லாம் "நல்லா இருக்கு தம்பி, செஞ்சு கொண்டு வா" என்கிறார்கள். நம்பித் தொடங்கலாமா?

பதில் 1:
வேண்டாம் தம்பி. முகத்துக்கு நேரே யாரும் மறுக்கமாட்டார்கள். செயலிப் பேச்சையே எடுக்காமல் போன தீபாவளியைப் பற்றிக் கேளுங்கள். எந்த பிளவுஸ் நாள் தவறியது, ஏன்? அளவு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே பக்கத்தில் மூன்று பேர் அளவு, ஓரத்தில் ரசீது எண், துணியின் படம் மட்டும் வாட்சாப்பில் என்று கிடந்தால் தேடுவதிலேயே நேரம் போகிறது. அதற்கு உங்களிடம் மருந்து உண்டு. தைக்க ஆள் பற்றாமல் தாமதம் என்றால் எந்தச் செயலியும் உதவாது. பாதிக் கடைகள் இரண்டாவது ரகமாக இருந்தால் யோசனையை விட்டுவிடுங்கள்.

பதில் 2:
தேடுவதில் நேரம் போகும் முதல் ரகக் கடை ஒன்றைப் பிடித்து, நிரல் எழுதாமல் நான்கு வாரம் கூகுள் ஷீட்டில் நீங்களே செய்து கொடுங்கள்: ரசீது எண், பெயர், கைப்பேசி, அளவு, துணிப் படம், முன்பணம், கொடுக்கும் நாள். தினமும் காலையில் அன்று கொடுக்க வேண்டியவற்றின் பட்டியலை வாட்சாப்பில் அனுப்புங்கள். மூன்றாம் வாரம் ஒரு நாள் அனுப்பாமல் இருந்து பாருங்கள். "பட்டியல் எங்கே?" என்று அவரே அழைத்தால்தான் தேவை உண்மை. பிறகு மூன்று மாதத்துக்கு 147 வெள்ளி முன்பணம் கேளுங்கள், ரசீதோடு. வாடிக்கையாளர் எண்கள் இருப்பதால் ஷீட்டைப் பொது இணைப்பில் வைக்காதீர்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணே. வரி வாரியத்துக்கு அனுப்பும் மின் விலைப்பட்டியலை (இ-இன்வாய்ஸ்) சேர்த்தால் எடுபடுமா?

பதில் 1:
இந்தக் கடைகளில் எடுபடாது. ஆண்டு விற்பனை 1 மில்லியன் வெள்ளிக்குக் கீழ் உள்ள சிறு கடைகளுக்கு 2026 முதல் விலக்கு. அதற்கு மேல் போனாலும் வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் இலவசம்.

எனக்குப் பெரிய கவலை வேறு. 30 கடை சேர்ந்தாலும் மாதம் 1,470 வெள்ளிதான். குறைந்தபட்சச் சம்பளமே 1,700. லிட்டில் இந்தியாவை மட்டும் நம்பினால் கட்டாது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைகளைச் சேர்த்தாலும் தீபாவளி, கல்யாண சீசன் முடிந்ததும் சந்தாவை நிறுத்திவிடுவார்கள். பாஜு கூரோங் (மலாய்ப் பெண்களின் பாரம்பரிய உடை) தைக்கும் மலாய்க் கடைகளையும் இப்போதே பாருங்கள். நோன்புப் பெருநாளுக்குச் சில மாதம் முன்பே "ஆர்டர் முடிந்தது" என்று அறிவிக்கும் கடைகளில் அதே கேள்விகளை மலாயில் கேளுங்கள். அங்கேயும் முன்பணம் விழுந்தால், செயலியின் முதல் திரையை மலாயில் எழுதுங்கள்.