ஓட்ஸ் 2 கப் என்றால் எத்தனை கிராம்? உழக்கில் அளந்து மாட்டிக்கொண்டேன்

கானாடுகாத்தான் மருமகள்:
அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார் ஓட்ஸ் பிஸ்கட் குறிப்பு அனுப்பினார். ரோல்டு ஓட்ஸ் 2 கப், வெண்ணெய் ஒரு ஸ்டிக், அதாவது 113 கிராம். வெண்ணெயைப் பாக்கெட் பார்த்துச் சரியாக வெட்டிவிட்டேன், ஓட்ஸை மட்டும் வீட்டுப் பித்தளை உழக்கால் 2 அளந்து போட்டேன். தட்டில் எடுக்கும்போதே, நெய் போதாத மாவுருண்டை மாதிரி உதிர்ந்துவிட்டது. கிராமில் எவ்வளவு போட வேண்டும்?

தேவகோட்டை ஆச்சி:
ஆத்தா, தப்பு உழக்கில்தான். அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, நம் உழக்கு கால் படி, சுமார் 336 மில்லி. ஓட்ஸ் கப்புக்கு 90 கிராம் வரும், 2 கப்புக்கு 180. நீ போட்டது 250 கிராம் இருக்கும், அத்தனையையும் அந்த வெண்ணெய் எப்படிப் பிடிக்கும்? அரிசி நினைப்பிலும் கணக்குப் போடாதே, அதே கப்பில் அரிசி 200 கிராம் கொள்ளும், ஓட்ஸ் அதில் பாதிகூட வராது.

பள்ளத்தூர்க்காரன்:
ஆச்சி சொன்ன 90 சரிதான், ஆனால் கரண்டியால் மெதுவாக அள்ளிப் போட்டுத் தலைதட்டினால் எனக்கு 82தான் வந்தது. கப்பைத் தட்டித் தட்டி நிரப்பினால் 100. பாக்கெட்டின் அடித்தூள் இன்னும் கனம். ஸ்டீல்கட் ஓட்ஸ் என்றால் இந்தக் கணக்கே ஆகாது, நொய் மாதிரி இறுகி உட்காரும், கப்புக்கு 160 கிராம் பக்கம் வரும். ஓட்ஸ் மாவு கேட்டால் எடை போட்டுவிட்டு அரையுங்கள், அரைத்தபின் அளவு இறங்கிவிடும், எடை மாறாது.

கானாடுகாத்தான் மருமகள்:
அப்படியென்றால் உழக்கே ஆகாதா? வெள்ளைப் பணியாரத்துக்கு இதே உழக்கில் அரிசியைத் தலைதட்டி, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்துத்தான் மாமியார் அளக்கிறார், ஒரு நாளும் தப்பியதில்லையே.

தேவகோட்டை ஆச்சி:
அங்கே அரிசிக்கும் உளுந்துக்கும் ஒரே பாத்திரம் ஆத்தா, உழக்கு பெரிதோ சிறிதோ விகிதம் மாறாது. நீ வெண்ணெயைக் கிராமிலும் ஓட்ஸை உழக்கிலும் எடுத்தாய், அங்கேதான் கோளாறு. இனி தலைதட்டி ஒன்றரை உழக்குக்குக் கொஞ்சம் குறைவாகப் போடு, 180 வந்துவிடும்.

பள்ளத்தூர்க்காரன்:
வீட்டில் தராசு இல்லையென்றால் அந்த உழக்கை மளிகைக்கடைக்கு எடுத்துப்போங்கள். காலி உழக்கை எலக்ட்ரானிக் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, ஓட்ஸ் நிரப்பிப் பாருங்கள். வரும் எண்ணை உழக்கின் அடியில் மார்க்கரால் எழுதிவிடுங்கள், மாமியார் திட்டினால் நான் பொறுப்பில்லை.